டிஜிலாக்கரில் ஸ்கேன் ஏற்றினால் மட்டும் போதாது

"லைசென்ஸ், ஆர்சி புக்கை ஸ்கேன் செய்து டிஜிலாக்கரில் (ஆவணங்களை வைக்கும் அரசுச் செயலி) ஏற்றிவிட்டால் ஒரிஜினல் தேவையில்லை" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். நாமே ஏற்றும் ஸ்கேன் வெறும் நகல்தான். போக்குவரத்துத் துறையின் பதிவிலிருந்து நேரடியாக வந்து, செயலியின் 'இஷ்யூடு' (வழங்கப்பட்டவை) பகுதியில் இருக்கும் ஆவணத்துக்குத்தான் ஒரிஜினலுக்கு இணையான மதிப்பு. 2018-இல் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களை ஏற்கச் சொன்னதும் அதைத்தான்.

அப்படி எடுக்க, செயலியின் தேடலில் டிரைவிங் லைசென்ஸ் என்று போட்டு, லைசென்ஸ் எண்ணைக் கொடுங்கள். ஆர்சிக்கு வண்டி எண்ணோடு சேஸிஸ் எண்ணும் வேண்டும். நம் ஊரில் இடறும் இடம் இனிஷியல்: ஆதாரில் 'குமார் எஸ்', லைசென்ஸில் 'சுப்பையா குமார்' என்றிருந்தால் பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிடலாம். இரண்டில் ஒன்றைத் திருத்தியபின் மறுபடி எடுங்கள். அதுவரை அசல் அட்டை கையிலேயே இருக்கட்டும்.