யோசிக்கிற வேலை எங்களுக்கு இல்லையாம்

மருத்துவ ஆராய்ச்சிக் கூட்டம் ஒன்றில் மேடையில் ஒருவர் பேசிய அந்த நாற்பது வினாடி வீடியோவை நான் மறுபடி இங்கே போடப்போவதில்லை. மூன்று நாளாக ஆஸ்பத்திரி குரூப்பில் சுற்றுகிறது, ஆராய்ச்சி குரூப்பில் சுற்றுகிறது, நேற்று எங்கள் தெருப் பெண்கள் குரூப்புக்கும் வந்துவிட்டது. "சைட்காரங்க ஆளைச் சேர்த்துக் கொடுத்தா போதும், யோசிக்கிறதை நாங்க பாத்துக்கறோம்." சொன்னவர் சிரித்தார். மேடை சிரித்தது. முன்வரிசை சிரித்தது. வீடியோவில் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வரிசையில் நானும் இருந்தேன். நானும் சிரித்தேன். அதுதான் மூன்று நாளாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: நான் பதினொரு வருஷமாக ஸ்டடி கோ-ஆர்டினேட்டர். ஒரு மருந்தோ சிகிச்சை முறையோ உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்க்க ஒரே ஆஸ்பத்திரியின் நோயாளிகள் போதாது. அதனால் நாடு முழுக்க முப்பது நாற்பது ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து ஒரே விதியில் ஆய்வு நடத்துவார்கள். அந்த ஆஸ்பத்திரிகள்தான் 'சைட்', எல்லாம் சேர்ந்தது 'நெட்வொர்க்'. தலைமையிடம் எங்கோ ஒரு பெருநகரத்தில் இருக்கும். நோயாளியிடம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது, ரத்தம் எடுக்க அனுப்புவது, மாதக்கணக்கில் போன் போட்டுத் திரும்ப வரவழைப்பது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் எங்கள் வேலை. யோசிப்பது அதில் சேராது என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தேசிய அளவில் ஆராய்ச்சி நெட்வொர்க் நடத்துகிறீர்களா, அதை நிர்வகிக்கிற கமிட்டியில் சைட்டில் வேலை செய்கிறவர்களையும் உட்கார வையுங்கள். விருந்தாளியாகக் கூப்பிட்டு டீ கொடுத்து அனுப்புவது வேண்டாம். ஓட்டுரிமையோடு வேண்டும்.

அன்று மேடையில் பதினேழு பேர். எண்ணினேன், வேறு வேலை இல்லை. இயக்குநர்கள், பேராசிரியர்கள், துறைத்தலைவர்கள். மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர்கூட இல்லை. ஒரு நர்ஸ் இல்லை. ஒரு நோயாளி இல்லை. பொக்கே மட்டும் பதினெட்டு இருந்தது.

"அதனால் என்ன குறைந்துபோயிற்று" என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. எந்த நெட்வொர்க், எந்த வருஷம் என்று சொல்லமாட்டேன், கேட்காதீர்கள்.

பக்கவாதம் வந்த ஒரு பெரியவர். விளாத்திகுளம் தாண்டி ஒரு கிராமம். வலது கை விழுந்துவிட்டது. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் மஞ்சப்பை. நான் கன்சென்ட் ஃபார்மைப் படித்துக் காட்டுகிறேன், பதினான்கு பக்கம். தமிழாக்கம் தலைமையிடத்திலிருந்து வந்தது. ஐந்தாம் பக்கத்தில், "தாங்கள் சீரற்ற முறையில் இரு குழுக்களில் ஒன்றில் சேர்க்கப்படுவீர்கள்" என்று இருந்தது. அந்த அம்மா நிறுத்தினார்.

"சீரில்லாத முறைன்னா, ஒழுங்கா வைத்தியம் பாக்க மாட்டீகளாம்மா?"

அப்படி இல்லைம்மா, ரெண்டு வைத்தியத்தில் எது யாருக்கு என்று டாக்டரே தேர்ந்தெடுக்கக் கூடாது, அதற்காகச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி கம்ப்யூட்டர் போடும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. "அத அப்படியே சொல்லியிருக்கலாம்ல. எங்க ஊர்ல கம்மாத் தண்ணிக்கு முறை போடுறதே சீட்டுக் குலுக்கித்தான்." பெரியவரின் இடது கைப் பெருவிரலை ஸ்டாம்ப் பேடில் அழுத்தி நானே ரேகை வாங்கினேன். சாட்சிக் கையெழுத்துக்கு வார்டில் இன்னொரு நோயாளியின் மகனைக் கூப்பிட்டேன்.

அன்று ராத்திரியே தலைமையிடத்துக்கு மெயில் போட்டேன். அந்த ஒரு வார்த்தையை மாற்றுங்கள், ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று. மூன்று மாதம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: குறித்துக்கொள்ளப்பட்டது. போன் போட்டுக் கேட்டதற்கு விளக்கம் கிடைத்தது. ஃபார்மில் ஒரு வார்த்தை மாறினாலும் புதுப் பதிப்பு எண் போட வேண்டும், ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கிற எத்திக்ஸ் கமிட்டி ஒவ்வொரு சைட்டிலும் உண்டு, தமிழ் ஃபார்ம் போகிற எல்லா சைட்டிலும் அதற்கு மறுபடி போக வேண்டும், ஒவ்வொன்றும் கூடுகிற நாள் வேறு. நியாயம்தான். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைகளில், ஆபத்து குறைவான பலமைய ஆய்வுகளுக்கு எல்லா சைட்டுக்குமாகச் சேர்த்து ஒரே பொதுப் பரிசீலனை செய்துகொள்ள வழி இருக்கிறது. ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டேன். "அது கமிட்டி முடிவும்மா." எந்தக் கமிட்டி? மேடையில் பொக்கே வாங்கிய கமிட்டி மாதிரி ஒரு கமிட்டி.

அந்த வார்த்தையால் எத்தனை பேர் கையெழுத்துப் போடாமல் போனார்களோ. இரண்டு பேர் நிச்சயம், என் கண் முன்னால் எழுந்து போனார்கள். மாதக் கடைசியில் ஆன்லைன் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு கட்டம். இலக்கைத் தொட்டவர்களுக்குப் பச்சை, நெருங்கியவர்களுக்கு மஞ்சள், எங்களுக்குச் சிவப்பு. "இந்த சைட்டில் என்ன பிரச்சினை?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் 'சீரற்ற' என்று ஆரம்பித்தேன். "அதை ஆஃப்லைனில் பேசிக்கொள்வோம்" என்றார்கள். நான் இன்னும் ஆஃப்லைனிலேயே இருக்கிறேன்.

பயணப்படியையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாதம் நோயாளி திரும்ப வந்தால் போக்குவரத்துக்குப் பணம், பில் கொடுத்தால். பக்கவாதம் வந்தவர் இரண்டு பஸ் மாறி வரமுடியாது, ஷேர் ஆட்டோவில் வருவார். ஷேர் ஆட்டோக்காரர் பில் கொடுப்பாரா? இந்த விதியை எழுதியவர் வாழ்க்கையில் ஒருமுறையாவது ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தால் எழுதியிருப்பாரா? பல தடவை என் பர்ஸிலிருந்துதான் போனது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

இப்போது கமெண்டில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "நீங்க டாக்டரா? டிரையல் டிசைனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" டாக்டர் இல்லை. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, அப்புறம் ஒரு டிப்ளமோ. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கொஞ்சம் நம் ஊர்ச் சரித்திரம் படிக்க வேண்டும். 1956ல் இதே சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினார்கள். ஐசிஎம்ஆர், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து. இன்று சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். கேள்வி எளிமையானது. காசநோயாளியை சானடோரியத்தில் வைத்துத்தான் ஆக வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் ஆகாதா? ஒருபக்கம் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். இன்னொருபக்கம் நெரிசலான சென்னை வீடுகள், அரைவயிற்றுச் சாப்பாடு. 1959ல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வைத்த ஆய்வுகளில் அது முக்கியமானது.

அந்த முடிவை நம்ப வைத்தது எது? நோயாளி வீட்டில் மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினாரா என்பது. அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சந்து சந்தாக ஏறி இறங்கிய அந்தக் கால்கள் இல்லையென்றால் அந்த ஆய்வே இல்லை. எந்த வீட்டில் மாத்திரை பரணில் கிடக்கிறது, எந்த மருமகள் மறைத்து வைக்கிறாள் என்பதெல்லாம் கூட்ட அறையில் தெரிகிற சமாச்சாரமா?

"எல்லாரையும் கமிட்டியில் போட்டால் சந்தைக்கடை ஆகிவிடும்." கொஞ்சம் உண்மை. நாற்பது சைட்டும் போய் உட்கார முடியாது. மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவ்வளவுதான். நடுவில் தரவைப் பிரித்துப் பார்த்து ஆய்வைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று சொல்கிற கண்காணிப்புக் குழு தனி, அதில் எங்களைப் போடச் சொல்லவில்லை. போடவும் கூடாது. அதுகூடத் தெரியாதவள் இல்லை நான்.

"எத்திக்ஸ் கமிட்டியில்தான் சாதாரண ஜனம் இருக்கிறார்களே." இருக்கிறார்கள். மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிப்படி குறைந்தது ஏழு பேர், பாதிப் பேர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து, துறை சாராத ஒருவர், ஒரு பெண். நல்ல விதி. ஆனால் வீட்டைக் கட்டி முடித்து, சுண்ணாம்பும் அடித்துவிட்டு, "கதவு இந்தப் பக்கம் இருக்கலாமா?" என்று கேட்கிற மாதிரி அது. ஆய்வின் கேள்வி என்ன, நோயாளி எத்தனை தடவை வர வேண்டும், வந்தால் என்ன கொடுப்பது என்பதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது.

நெட்வொர்க்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். என்னைவிட அதை நம்புகிறவர்கள் குறைவு. பக்கவாதத்துக்கென்றே லூதியானாவைத் தலைமையிடமாக வைத்து நடந்த ஸ்பிரின்ட் இந்தியா ஆய்வில் 31 மையங்கள், 4,298 நோயாளிகள், மறுபடி பக்கவாதம் வராமல் தடுக்க 12 மொழிகளில் வீடியோவும் குறுஞ்செய்தியும் பயிற்சிப் புத்தகமும். கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்தி, அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்குக் கும்பிடு.

பிளாஸ்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் ஆரம்பித்து ஜூலைக்குள் 39 ஆஸ்பத்திரிகளில் 464 கொரோனா நோயாளிகளைச் சேர்த்து ஐசிஎம்ஆர் ஆய்வு நடத்தியது. பொதுமுடக்கத்தின் நடுவில். குணமானவர்களின் பிளாஸ்மாவை ஏற்றினால் நோய் முற்றுவதோ சாவோ குறையவில்லை என்று அந்த செப்டம்பரிலேயே உலகத்துக்குச் சொன்னது. சைட்காரர்கள் ஆளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், சரியா? இனி யோசிக்கிறவர்கள் யோசிக்க வேண்டியதுதானே. சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே மாதம்.

இடையில் வந்ததுதான் இரண்டாம் அலை. பழைய நண்பர்களுக்கு நினைவிருக்கும், 2021 ஏப்ரலில் இதே பக்கத்தில் என் சித்தப்பா மகனுக்காக "ஏ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்" என்று பதிவு போட்டேன். அந்த ஆய்வின் முடிவு எனக்குத் தெரியும். படித்திருந்தேன். சித்தியிடம் சொன்னேன். "டாக்டர் சீட்டுல எழுதியிருக்காரே, நீ டாக்டரா?" என்றார் சித்தி. அவர் கேட்டதில் தப்பே இல்லை. பதிவு போட்டேன். ஒரு கல்லூரிப் பையன் மதுரையிலிருந்து பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனான். தம்பி பிழைக்கவில்லை. பிளாஸ்மாவால் போனான் என்று சொல்லவில்லை, பிளாஸ்மா இல்லாமலும் போயிருப்பான். ஆனால் அந்தக் கடைசி இரண்டு நாளும் நான் அவன் பக்கத்தில் இல்லை, போனில் இருந்தேன்.

இதற்கும் அந்த வீடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். அன்று மேடையில் இருந்தவர்கள் வேறு, வழிகாட்டி எழுதியவர்கள் வேறு, தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை.

"வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?" 2006 முதலே பிரிட்டனில் தேசிய ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது, ஆராய்ச்சி நர்ஸ்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே வேலையில் இருக்கிறார்கள். அதனால்தான் கொரோனாவின்போது 'ரிகவரி' என்ற ஆய்வை 2020 மார்ச்சில் ஆரம்பித்து, டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மருந்து உயிர்காக்கும் என்று ஜூன் 16ஆம் தேதி சொல்ல முடிந்தது. கட்டுரையை ஒரு குழுவின் பெயரில் போட்டார்கள், பின்னிணைப்பில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பெயர்ப்பட்டியல். எங்கள் ஆய்வின் கட்டுரையில் 'பங்கேற்ற மையங்களுக்கு நன்றி' என்று இருந்தது. எங்கள் ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை.

பதினொரு வருஷத்தில் ஒன்பது ஒப்பந்தம். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது வருவதற்குள் மூன்று மாதம், ஐந்து மாதம் சம்பளம் கிடையாது. அந்த மாதங்களிலும் பழைய நோயாளிகளிடமிருந்து போன் வரும். எண் என்னுடைய சொந்த எண் அல்லவா. "நான் இப்ப வேலையில இல்லம்மா" என்று யாரிடம் சொல்வது?

கம்மாத் தண்ணி அம்மா போன மாதம் கூப்பிட்டார். பெரியவர் தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. பேரன் கல்யாணத்துக்குச் சொல்லத்தான் கூப்பிட்டார், பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். வைக்கும்போது கேட்டார்: "அந்த ஆராய்ச்சி முடிஞ்சுதாம்மா? எங்க வீட்டு ஆளுக்கு எந்தச் சீட்டு விழுந்துச்சுன்னு சொன்னாகளா?" முடிந்துவிட்டது, கட்டுரை வந்துவிட்டது, ஆங்கிலத்தில், காசு கட்டினால்தான் திறக்கும். நோயாளிகளுக்கு முடிவைத் தமிழில் ஒரு பக்கம் அனுப்பலாமே என்று அதற்கும் ஒரு மெயில் போட்டிருந்தேன். குறித்துக்கொள்ளப்பட்டது. "கேட்டுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

பேர் போட்டு யாரையும் திட்ட வேண்டாம், கமெண்டை மூடிவிடுவேன். நாளை மூன்று மணிக்குக் கூட்டம், எங்கள் கட்டம் சிவப்பு. அதற்குமுன் வார்டில் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். ஸ்டாம்ப் பேட் காய்ந்துவிட்டது, பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். அந்தக் கடைக்காரரும் பில் தரமாட்டார்.