துண்டு போட்டவர் வரவே இல்லை

ஊரில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். துண்டு போட்ட ஆள் எப்படியும் ஏறி உட்கார்ந்துவிடுவார். இங்கே டெக்சாஸில் துண்டு மட்டும்தான் வருகிறது.

கோலியட் ஸ்டேட் பார்க்கில் டென்ட் அடிக்க ஐந்து மாதம் முன்பே ஆன்லைனில் உட்கார்ந்து ஓர் இடம் பிடித்தேன். டல்லஸில் இருக்கும் அக்கா பார்ப்பதற்குள் எல்லாம் ஃபுல். யாராவது கேன்சல் செய்வார்களா என்று தினமும் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒருவரும் செய்யவில்லை. கடைசியில் மோட்டலில் ரூம் போட்டாள்.

சனிக்கிழமை போய் ஆணி அடித்து நிமிர்ந்தால், எங்கள் வரிசையில் ஐந்து இடம் காலி! இருட்டும்வரை ஒரு கார்கூட வரவில்லை. ரேஞ்சரிடம் கேட்டேன். பணம் கட்டியிருக்கிறார்கள், ராத்திரி எந்நேரம் வந்தாலும் கொடுத்தாக வேண்டும் என்றார். அவர் என்ன செய்வார், பாவம்.

அந்த இடம் சும்மா மரமும் புல்லும் உள்ள இடமா? 1749-இல் ஸ்பானியப் பாதிரிமார் எஸ்பிரிட்டு சாண்டோ மிஷனை, அதாவது மதம் பரப்பக் கட்டிய தேவாலயக் குடியிருப்பை, அங்கே மாற்றிக் கொண்டுவந்தார்கள். டெக்சாஸ் மாட்டுப் பண்ணைகளின் கதையே அவர்களுடைய மந்தைகளில்தான் தொடங்குகிறது என்பார்கள். இடிந்து கிடந்ததை 1930-களில், வேலையில்லாதவர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்து, திரும்பக் கட்ட வைத்தது. கூப்பிடு தூரத்தில் லா பாஹியா கோட்டை. 1836 மார்ச் 27 அன்று, டெக்சாஸ் விடுதலைப் போரில் சரணடைந்த முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை, மெக்சிகோ தளபதி சாண்டா அன்னாவின் உத்தரவில் சுட்டுத் தள்ளியது அங்கேயும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். பகலில் பார்த்தால் அது மியூசியம். பொழுது சாய்ந்து, அந்தக் கற்சுவர் இருட்டில் கரைவதைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் படுப்பது வேறு.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. கோட்டைக் கதையைக் கேட்டதிலிருந்து, "ராத்திரி பேய் வருமா சித்தி?" என்று ஒரே நச்சரிப்பு. பயமெல்லாம் இல்லை, பார்த்தே ஆக வேண்டுமாம்! எங்கள் டென்டில் படுக்க வைக்கலாம் என்றால், ஓர் இடத்துக்கு எட்டுப் பேர்தான். தோழி குடும்பத்தோடு சேர்த்து நாங்களே எட்டு. கேட் மூடுவதற்குள் அக்கா குடும்பம் மோட்டலுக்குக் கிளம்ப வேண்டும். டார்ச்சை எதிர்ப்பக்கம் அடித்து, "அங்கே யாருமே இல்லையே சித்தி, நான் அங்கே படுத்துக்கறேன்" என்றான். பிக்னிக் மேஜை, அடுப்பு வளையம், கூட்டிவிட்ட மண். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. என்ன பதில் சொல்வது? சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காலையிலும் அந்த ஐந்தும் அப்படியே கிடந்தன. கேன்சல் செய்ய இரண்டு நிமிடம் ஆகுமா? வரவில்லை என்று ஒரு பட்டனை அமுக்கினால் விரலா தேய்ந்துவிடும்?

திங்கட்கிழமை வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டேன். தெரிந்த அண்ணன் ஒருவர் கூசாமல் எழுதுகிறார்: "அடடா, நாங்களும் அதே நாள் ரெண்டு சைட் போட்டிருந்தோம்மா. மழை வரும்னு காட்டுச்சு, விட்டுட்டோம். ஒரு பீட்சா காசுதானே!" கீழே நாலு பேர் சிரிக்கும் பொம்மை வேறு.

மழையா? ஒரு பொட்டுக்கூட விழவில்லை.

அண்ணன் அடுத்த மாதம் மூன்று வார இறுதிக்கும் மூன்று பார்க்கில் போட்டு வைத்திருக்கிறாராம். எதற்குப் போவது என்று அந்த வாரம் பார்த்துக்கொள்வாராம்.