பூங்காவுக்கு விட்ட இடத்தில் பூங்காதான் வர வேண்டும்

தஞ்சாவூரைச் சுற்றி வல்லம், நாஞ்சிக்கோட்டை, மருத்துவக் கல்லூரி சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் புதுப்புது நகர்கள். முன்பு நெல்லும் உளுந்தும் விளைந்த வயல்களில் இன்று மனைக்கல் நிற்கிறது. மனை விற்கும்போது காட்டுகிற வரைபடத்தில் ஒரு மூலை மட்டும் பச்சையாக இருக்கும். பூங்கா என்று எழுதியிருக்கும். வீடு கட்டிக் குடிவந்து பிள்ளைகள் கல்லூரிக்கே போய்விட்டாலும் அந்த மூலையில் இருப்பது சீமைக் கருவேலமும் கட்டட இடிபாடும்தான். நான் இருக்கும் நகரிலும் இதே நிலைதான்.

அந்தப் பச்சை யாரும் நமக்குப் போட்ட பிச்சை அல்ல. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர், சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். நிலத்துக்குப் பதில் பணம் கட்டுகிற வழி அதைவிடச் சிறிய மனைப்பிரிவுகளுக்குத்தான் உண்டு. ஐந்து ஏக்கரில் சாலை போக நான்கு ஏக்கர் மிஞ்சினால் 40 சென்ட் பூங்காவுக்கு. பத்திரத்தில் தானம் என்று இருந்தாலும், அந்த 40 சென்ட்டின் விலையையும் சேர்த்துத்தான் நம் மனைக்குச் சதுர அடி விலை வைத்தார்கள். கடன் வாங்கி அதைக் கட்டியவர்கள் நாம்.

இந்த இடங்களை ஆக்கிரமிப்பாளர்கள் மட்டும் விழுங்குவதில்லை. நல்ல காரியங்களும் விழுங்குகின்றன. முதலில் ஓர் ஓரத்தில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. பிறகு ரேஷன் கடை. அதன்பின் ஒரு பிள்ளையார் கோயில். ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான். பிள்ளையாரைக் கும்பிடாமல் நானும் வெளியே கிளம்புவதில்லை. ஆனாலும் சொல்கிறேன், அவற்றுக்கு வேறு இடம் பாருங்கள். பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது குடியிருப்பவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனைக்கே கொடுக்க முடியாத இடத்தை ரேஷன் கடைக்குக் கொடுக்கலாமா?

பூங்கா எல்லாம் ஆடம்பரம், முதலில் சாக்கடையைப் பாருங்கள் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் ஆண்களுக்கு டீக்கடை பெஞ்ச் இருக்கிறது, ஆற்றுப்பாலத்துக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. ஒரு பெண் எதையும் வாங்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல், அரை மணி நேரம் உட்கார எங்கே இடம் இருக்கிறது? கோயில் பிரகாரத்தைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கள் பகுதிப் பெண்கள் விடியற்காலையில் பிரதான சாலையின் ஓரத்தில், மணல் லாரிகளுக்கு நடுவே நடைப்பயிற்சி போகிறார்கள். சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொன்ன மருத்துவர் எங்கே நடப்பது என்று சொல்லவில்லை.

பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்கா 1871-72இல் நகராட்சி அமைத்தது. அன்றைய சிறு நகராட்சிக்கு இருந்த எண்ணம் இன்று இத்தனை வரி வாங்குகிற மாநகராட்சிக்கு ஏன் வரவில்லை? சீரமைப்புக்காக அந்தப் பூங்கா ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தபோது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக வேறு போக்கிடம் இல்லாமல் தவித்தோம். ஒரே ஒரு பூங்காவை நம்பியிருந்தால் அப்படித்தான் ஆகும். தவிர, பஸ் ஏறிப் போகிற பூங்கா தினசரிப் பழக்கத்துக்கு உதவாது.

கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. செயற்கை நீரூற்றும் செல்பி மேடையும் வேண்டாம். சுற்றுவேலி, நடைபாதை, விளக்கு, தண்ணீர் வருகிற கழிப்பறை, பிள்ளைகள் ஓட வெற்றுத்தரை, உட்காரத் திண்ணை. பல ஊர்களில் காலை பத்து மணிக்குப் பூட்டிவிட்டு மாலை நான்குக்குத் திறக்கிறார்கள். கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு நிழல் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான். ஆகவே புல்தரையைவிட மரம் முக்கியம். அதிலும் வேகமாக வளர்கிறது என்று எதையாவது நடக்கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது இந்த மாவட்டங்களில் சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்தவர்கள் நாம். வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை, மகிழம் என்று இந்த மண்ணுக்குப் பழகிய மரங்களை ஐப்பசி மழைக்கு முன் நட்டால், முதல் சில மாதம் தண்ணீர் ஊற்றுகிற வேலையை மழையே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் நகரின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் கையில் இல்லையென்றால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள். தானப் பத்திர நகலையும் சேர்த்துக் கேளுங்கள். ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் அக்டோபர் 2 கிராம சபையில் அந்த இடத்தைச் சர்வே எண்ணோடு குறிப்பிட்டு, அளந்து வேலி போடத் தீர்மானம் கேளுங்கள்; தீர்மானம் பதிவேட்டில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். எங்கள் நகரில் மனு தயாராகிவிட்டது. பெண்கள்தான் முதலில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.