தேர் செய்தவரும் தச்சரே
'தச்சன் என்றால் கதவு, நிலை செய்பவர் என்பதே மூலப்பொருள்' என்று அச்சொல்லைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது சரியாகப் படவில்லை. புறநானூறு 87இல் ஔவையார் காட்டும் தச்சன் நாளுக்கு எட்டுத் தேர் செய்பவன். அவன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிடுகிறார். சக்கரத்துக்கு அவ்வளவு கவனம் வேண்டும்தான். ஈரம் போகாத மரத்தில் சக்கரத்தின் நடுப்பகுதியான குடத்தைக் கடைந்தால் காயும்போது வெடிக்கும். குடத்தையும் விளிம்பையும் இணைக்கும் ஆரக்கால் காயாமல் இருந்தால் அதன் முனையிலுள்ள முளை பின்னர் மெலிந்து துளைக்குள் ஆடும், பாரம் ஏறியதும் வெளி விளிம்பான வட்டை பிரியும். ஆங்கிலத்தின் 'கார்பென்டர்' கூட இலத்தீனில் வண்டி செய்பவரைக் குறித்த சொல்தான். 'கார்பென்டும்' என்பது இரு சக்கர வண்டி. தச்சனோடு சேர்த்துப் பேசப்படும் வடமொழித் 'தக்ஷ்' வேருக்கும் செதுக்குதல் என்றே பொருள், அதில் கதவும் இல்லை, வீடும் இல்லை.