கோட்டைக்குள் கட்டுச்சோறு கூடாதாம்

நம் நாட்டில் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள பழங்கோட்டை எதற்குப் போனாலும் வாசலில் முதலில் கண்ணில் படுவது ஒரு நீலநிறப் பலகைதான். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம், இதற்குச் சேதம் விளைவிப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படும் என்று அது அறிவிக்கும். சட்டம் தேவைதான், தூணுக்குத் தூண் இதயம் வரைந்து, அம்பு விட்டு, பெயரையும் செதுக்கிவைத்துவிட்டுப் போகிற கூட்டத்தை நினைத்தால் இரண்டாண்டு போதாது என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போன பிறகு, இந்தக் கோட்டையை யார் கட்டினார், யார் பிடித்தார், இந்த மண்டபத்தில் என்ன நடந்தது என்று சொல்வதற்குப் பெரும்பாலான இடங்களில் ஒரு நாதியும் இல்லை என்பதைத்தான் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. வருகிறவன் என்னென்ன செய்யக்கூடாது என்று வரிவரியாக யோசித்து எழுதியவர்கள், அவன் எதற்காக வருகிறான் என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்களா?

வருகிறவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள் அல்லர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும், முழங்கால் வலிக்குத் தைலம் தடவிக்கொண்ட ஒரு பாட்டியையும், காலை நான்கு மணிக்கே எழுந்து கிளறிய புளிசாதத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு வருகிற குடும்பங்கள்தாம். அவர்களுக்கு உட்காரக் கொஞ்சம் நிழலும், குடிக்கத் தண்ணீரும், பூட்டாத ஒரு கழிப்பறையும், பிள்ளை கேட்கிற கேள்விக்கு ஒரு பதிலும் இருந்தால் போதும். இதில் ஒன்றுகூடக் கிடைக்காமல் நாங்கள் ஒரு கோட்டையிலிருந்து திரும்பினோம். எந்தக் கோட்டை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே மட்டும்தான் இப்படி என்று மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

அங்கே நுழைவுச்சீட்டு வாங்குவதே ஒரு போராட்டமாக இருந்தது. ரொக்கம் வாங்க மாட்டார்களாம். சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, பெயர், வயது, அடையாள அட்டை விவரம் எல்லாம் நிரப்பி, வந்து சேராத ஓடிபிக்காகக் காத்திருக்க வேண்டுமாம். மலையடிவாரத்தில் சிக்னல் இல்லை என்பது அந்தக் கவுண்டரில் நாள்முழுதும் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதா? கையில் நூறு ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு வெயிலில் வரிசையாக நின்ற எங்கள் எல்லோருக்கும், கடைசியில் எலுமிச்சை சோடா விற்றுக்கொண்டிருந்த ஒரு பையன்தான் தன் கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து உதவினான். எவரும் கேட்காமலேயே கொடுத்தான், காசும் வாங்கவில்லை. அன்று அந்த வளாகத்தில் எங்களை விருந்தாளியாக நடத்திய ஒரே ஆள் அவன்தான்.

சீட்டோடு வாசலுக்குப் போனால், காவலர் அடுக்குத் தூக்கைத் திறக்கச் சொன்னார். திறந்து முகர்ந்தும் பார்த்தார். உணவுப் பண்டங்களுக்கு அனுமதியில்லை என்றார். சரி, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று கேட்டால், “வெளியே எங்கேயாவது” என்பதுதான் பதில். வெளியே என்றால் ஒரு மரமும் இல்லாத வண்டி நிறுத்துமிடம். அதற்கும் தனிக் கட்டணம் வாங்கியிருந்தார்கள். கொதிக்கிற வேனுக்குள் முழங்காலில் தட்டை வைத்து, ஒருவர் முடித்த பிறகு ஒருவர் என்று சாப்பிட்டு முடித்தோம். பிறகு உள்ளே போய்ப் பார்த்தால், குதிரை லாயத்தின் மூலையெங்கும் சிப்ஸ் உறைகளும் குளிர்பானப் புட்டிகளும் கிடந்தன. அவை எங்கள் தூக்கிலிருந்து விழவில்லை. நுழைவாயிலுக்கு உட்புறமாகவே குத்தகைக்கு விடப்பட்டிருந்த பெட்டிக்கடையில் அதே உறைகள் சரம்சரமாகத் தொங்கின. வாழை இலையில் கட்டிவந்த புளிசாதம் கோட்டையைக் கெடுத்துவிடும், அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் வைத்து விற்கும் நெகிழி உறை கெடுக்காது என்றால், இந்த விதி கோட்டைக்காகப் போடப்பட்டதா, கடைக்காகப் போடப்பட்டதா?

கழிப்பறையைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் விட முடியாது. கட்டடம் இருந்தது, சுவரில் ஆண், பெண் படங்களும் புதிதாக வரையப்பட்டிருந்தன, கதவில் பூட்டும் இருந்தது. சாவி வைத்திருப்பவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். என் மாமியாருக்குச் சர்க்கரை நோய். அந்த அம்மாள் பூட்டிய கதவின் முன்னால் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையை, அந்தச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனவர் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். நம் பெண்கள் சுற்றுலாவுக்குக் கிளம்புகிற அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பது எல்லா வீட்டிலும் நடக்கிற, எந்த அறிக்கையிலும் வராத உண்மை. கோடை வெயிலில், கல்லும் பாறையும் அனல் கக்குகிற இடத்தில், மயக்கம் போட்டு விழுகிறவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இதையெல்லாம் கேட்டால், சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டுமானமே கூடாது என்று சட்டம் சொல்கிறது என்பார்கள். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படிச் சொல்வது உண்மைதான், அதன் நோக்கத்தையும் நான் மதிக்கிறேன். கோட்டைச் சுவரை ஒட்டி அடுக்குமாடி எழும்பினால் முதலில் கத்துகிறவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் இருக்கிற கழிப்பறையைத் திறந்துவைக்க எந்தத் திருத்தம் குறுக்கே நிற்கிறது? நாலு வேப்பங்கன்றை நட்டு, அடியில் ஒரு சிமெண்ட் திண்ணை போடுவதற்கு, நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்த வண்டி நிறுத்துமிடத்தில் என்ன தடை?

எல்லாவற்றையும் விட எனக்கு வயிறு எரிந்தது என் மகன் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலால்தான். ராஜா எங்கே தூங்குவார் என்று அவன் கேட்டான். ஏழு வயதுப் பிள்ளை வேறு என்ன கேட்பான்? எனக்குத் தெரியவில்லை, பலகை ஏதும் இல்லை, இருந்த ஒரே பலகையும் வெயிலில் வெளுத்து, எழுத்து உதிர்ந்துபோயிருந்தது. அங்கே நின்ற ஊழியரிடம் அனுப்பினேன். “அதெல்லாம் தெரியாது தம்பி, மேலே ஏறாதே” என்றார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவரை விசில் ஊதத்தான் வேலைக்கு வைத்திருக்கிறார்கள், கதை சொல்ல அல்ல.

இதே கேள்வியைக் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் கேட்டால் கதையே வேறு. 1956 மொழிவழிப் பிரிவினையில் நிலம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. பல வகை மூலிகை மரங்களை இழைத்துச் செய்த ராஜாவின் கட்டிலை அங்கே பிள்ளைகளுக்குக் காட்டலாம். கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கறுப்புத் தரை, தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகியது என்று விளக்குவதற்கு ஊழியர்கள் உண்டு. செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், கழற்றுகிறோம். திங்கட்கிழமை விடுமுறை என்கிறார்கள், வேறு நாளில் வருகிறோம். காரணம் தெரிந்த கட்டுப்பாட்டை எவரும் வெறுப்பதில்லை. உதகைக்கு 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்க வேண்டும் என்றபோதும், மலை தாங்காது என்று சொன்னார்கள், எடுத்துக்கொண்டுதான் 1848இல் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறோம்.

நம் கோட்டைகளுக்குக் கதைப் பஞ்சமா என்ன? செஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும் எளிதில் விழாத கோட்டை. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சின்னஞ்சிறு படையோடு எதிர்த்து மாண்ட தேசிங்கு ராஜனையும், தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவனோடு போருக்குப் போன இஸ்லாமிய நண்பனையும் நம் கிராமங்கள் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் விடியவிடியப் பாடியிருக்கின்றன. மராட்டியப் படைத்தலங்கள் என்று 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் இன்று நாம் பார்ப்பது முன்பிருந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் என்றும், மீதியில் பெரும்பகுதியை நாயக்கரின் பேரன் சொக்கநாதரே பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்றும், நீதிமன்றம்கூட அதற்குள் நடந்தது என்றும் சொன்னால், எந்தப் பிள்ளை வாயைப் பிளந்து கேட்காது? இவற்றைச் சொல்ல ஒளியும் ஒலியும் வேண்டாம், கோடிக்கணக்கில் திட்டமும் வேண்டாம். மண்டபத்துக்கு ஒரு பலகை, நல்ல தமிழில் பத்து வரி, அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிலிருந்து வார இறுதியில் இரண்டு மாணவர்கள், அவர்களுக்கு ஒரு நாள் கூலி, அவ்வளவுதான்.

இருபத்தைந்து ரூபாய்ச் சீட்டுக்கு இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று சிலர் நியாயம் பேசுகிறார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சீட்டே இல்லை என்பது நல்ல ஏற்பாடு, அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே வாசலில் வெளிநாட்டவரிடம் முந்நூறு ரூபாய் வாங்குகிறார்களே, அவருக்காவது கழிப்பறைக் கதவு திறந்ததா? அவரும் எங்கள் பின்னால்தான் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர்களுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனம் கோணாமல் கொடுப்போம். ஆயிரக்கணக்கில் கேட்கிற கேளிக்கைப் பூங்காவுக்கே கடன் வாங்கியாவது பிள்ளைகளைக் கூட்டிப்போகிற ஊர்தானே இது.

கிளம்பும்போது, இதையெல்லாம் எழுதிவைக்கலாம் என்று கருத்துப் பதிவேட்டைக் கேட்டேன். இருக்கிறது, அலுவலக அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அலமாரிச் சாவி வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, வேலை நாளில் வந்து எழுதுங்கள் என்றார்கள்.