பஸ் ஸ்டாண்டு சிலைக்குத் தங்க பெயிண்ட் அடித்த புண்ணியவான்களுக்கு

நேற்றிலிருந்து எல்லோரும் ஷேர் பண்ணுகிற அந்தப் படத்தைப் பற்றித்தான். பிறந்தநாள் வருகிறதென்று ஏணி போட்டு, வெண்கலச் சிலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மேலே தங்கக் கலர் எனாமல். 'ஜொலிக்கும் தலைவர்' என்று தலைப்பு வேறு. ஜொலிக்காமல் என்ன செய்யும்? ஜவுளிக்கடை வாசல் பொம்மைகூடத்தான் ஜொலிக்கிறது.

வெண்கலத்துக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

அந்தக் கரும்பழுப்பு அழுக்கில்லை சாமி. பட்டறையிலேயே சூடு காட்டி, ரசாயனம் பூசி ஏற்றிய நிறம். உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுதான் காவல். கம்பி பிரஷ் அதைச் சுரண்டுவதோடு விடாது, இரும்புத் துகளையும் பதித்துவிட்டுப் போகும். அடுத்த மழைக்கு அதெல்லாம் துருப்புள்ளி. வெயிலில் எனாமல் மயிரிழையாக வெடிக்கும். அது வழியாக இறங்கிய ஈரம் வெளியே வராது. அடியில் பச்சைக் களிம்பு பூத்து அரிப்பது, பெயிண்ட் பொருக்காக உரியும்வரை யாருக்கும் தெரியாது.

படத்தைப் பெரிதாக்கிக் குதிகாலைப் பாருங்கள். சிலை உள்ளே வெறும் கூடு. உள்ளே கசியும் தண்ணீர் வடியத்தான் அடியில் சிறு ஓட்டை விட்டிருப்பார்கள். பெயிண்டால் அதையும் அப்பிவிட்டார்கள். தண்ணீர் தேங்கினால் உள்ளே தாங்கும் இரும்புக் கம்பி துருவேறி உப்பும், கணுக்கால் பிளக்கும். அன்றைக்கு 'விஷமிகள் கைவரிசை' என்று மறியல் நடக்கும்.

'சுத்தம் பண்ணவே கூடாதா?' என்கிறார் ஒருவர். தாராளமாகப் பண்ணுங்கள். காரமில்லாத சோப்புத் தண்ணீர், நைலான் பிரஷ், மேலிருந்து கீழே. பிறகு நல்ல தண்ணீரில் அலசல்; உப்புக்கரிக்கும் போர் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து பீய்ச்சாதீர்கள். நன்றாகக் காய்ந்து, வெயிலில் உலோகம் வெதுவெதுப்பானதும் மெழுகை மெல்லிசாகத் தடவித் துணியால் தேய்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை போதும். புளி, எலுமிச்சை, பாலாபிஷேகம் எதுவும் ஆகாது. முதல் இரண்டும் புளிப்பு, பாலும் தேங்கினால் புளிக்கும்; புளிப்பு வெண்கலத்திலுள்ள செம்பைத் தின்னும்.

'நிதி இல்லை' என்பவர்களுக்கு: மெழுகு விலையையும் ஃபிளக்ஸ் விலையையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.

'எங்கள் அன்பைக் கொச்சைப்படுத்தாதே', 'வந்துட்டார் சிலை டாக்டர்'. இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது? அன்பு இருந்தால் முகத்தைப் பாருங்களேன். வார்ப்பதற்கு முன் மெழுகு மாதிரியிலேயே சிற்பி கீறி எடுத்த இமைக்கோடு, நெற்றிச் சுருக்கம், வேட்டி மடிப்பு எல்லாம் பெயிண்டில் மொழுகிப் போயிற்று. யார் சிலை என்று பீடத்தைப் படித்தால்தான் தெரிகிறது. மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை கருப்பாகத்தான் நிற்கிறது. சென்னைத் தீவுத்திடல் பக்கம் அந்தக்கால கவர்னர் மன்றோ 1839-இலிருந்து குதிரைமேல் இருக்கிறார். அவர்களுக்கென்ன மரியாதை குறைந்துவிட்டது? கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவருக்குக் காகிதக்கூழ் அப்பிக் கல்லிலிருந்து உப்பை இழுத்தெடுத்து, அப்புறம்தான் சிலிக்கான் பூசுகிறார்கள். அங்கே இப்படிச் செய்ய முடிகிறது. நம் ஊரில் மட்டும் டப்பாவைத் திறந்தால் அன்பு.

இனி பெயிண்டை எடுக்கிறேன் என்று தின்னரும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு ஏறாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பசை மாதிரி வரும் பெயிண்ட் ரிமூவரை மறைவான இடத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்குச் சோதித்துவிட்டு, ஊறியதை மூங்கில் சீவலால் வழிக்க வேண்டும். தெரிந்த ஸ்தபதி ஒருவரை வைத்துச் செய்யுங்கள். அதற்கு நாளாகும். குதிகால் ஓட்டையையாவது இன்றைக்கே குத்தித் திறந்துவிடுங்கள். ஒரு மூங்கில் குச்சி போதும், டெண்டர் வேண்டாம்.