சொந்த ஊரைப் பார்க்கவும் அனுமதி வேணுமா?

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய், சொந்த ஊரைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுக்கவும் எழுதவும் வைக்கிறோம். அப்படி வந்த ஒரு பையனை, திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் இருக்கிற குறுக்குத்துறையில் ஞாயிற்றுக்கிழமை சிலர் நிறுத்தி வீடியோ எடுத்தாங்க. அதை எல்லாரும் பார்த்துட்டீங்க. பத்தாம் வகுப்புப் பையன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அவன் எடுத்த படங்களை அழிச்சாங்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. என்ன படம் தெரியுமா? 2023 டிசம்பர் வெள்ளம் எதுவரை ஏறியதுன்னு ஒரு பெரியவர் மண்டபத் தூணில் கை வைத்துக் காட்டினார். அந்தக் கையும் தூணும்தான்.

பிள்ளைகள் தங்கள் ஊரைப் பார்க்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

"பெண்கள் குளிக்கிற இடமாச்சே" என்கிறார்கள். சரிதான். அந்தப் பக்கம் போனைத் திருப்பக் கூடாது, யாரையும் கேட்காமல் எடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போறோம். ஒவ்வொரு படமாகப் பார்த்துத்தானே அழிச்சீங்க? ஒரு பெண்ணாவது அதில் இருந்தாங்களா?

"படிக்கிற வயசில் இதெல்லாம் எதுக்கு?" இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருது. மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிற ஒரு அம்மா பக்கத்தில் எங்களோடு வந்த பிள்ளை ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா மடியில் சுளவு, அதாவது முறம். இலையில் தூளை வைத்து, உருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கி அடுத்ததுக்குப் போய்க்கொண்டே இருந்தார். முகம் வேண்டாம்னு சொன்னார். கையை மட்டும் எடுத்தாள். "பேசும்போதும் கை நிற்கவே இல்லை" என்று நோட்டில் எழுதினாள். அவள் ஆச்சியும் பீடி சுற்றினவர்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் முதல்முறையாக ஆச்சியிடம் கூலி என்ன கொடுத்தாங்கன்னு கேட்டிருக்கிறாள். இது படிப்பு இல்லையா?

சுலோச்சன முதலியார் பாலத்தைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறோம். 1843இல் திறந்தது, ஒரு மனுஷன் தன் கைக்காசைப் போட்டுக் கட்டினது. எத்தனை பேர் இறங்கி நின்று பார்த்திருக்கோம்? நின்று பார்த்தால் தாமிரபரணியில் கலக்கிற சாக்கடையும் கண்ணில் படும். பிள்ளைகள் பார்த்தால் கேட்பார்கள், எழுதுவார்கள். அதுதான் பிடிக்கலையோன்னு எனக்குச் சந்தேகம். ஆற்றில் கழிவை விடுகிறவங்களை யாரும் நடுவில் நிறுத்தி வீடியோ எடுக்கலை. பதினைந்து வயசுப் பையனை நிறுத்தினீங்க.

அண்ணாச்சி, அவன் வசதியான வீட்டுப் பிள்ளையாக, கழுத்தில் பெரிய கேமரா தொங்க வந்திருந்தால் கை வச்சிருப்பீங்களா? அப்பாவின் பழைய போனோடு வந்தவன்கிறதால்தானே?

அழிச்ச படம் திரும்ப வராது. அவனிடம் மன்னிப்புக் கேளுங்க. அவன் அம்மாவும் அந்த வீடியோவைப் பார்த்திருக்காங்க, அவங்க முன்னால் கேளுங்க.